ஒற்றை வாளிக் கறவை இயந்திரம்: காம்பை வைத்து ஒரு மதிப்பீடு

நான்கு முதல் பத்து வரை கறவை மாடுகள் வைத்திருப்பவர்களுக்கென விற்கப்படும், சக்கரம் பொருத்திய ஒற்றை வாளிக் கறவை இயந்திரத்தைப் பற்றியது இந்த மதிப்பீடு. மோட்டார், உறிஞ்சும் வெற்றிடத்தை உண்டாக்கும் வேக்குவம் பம்பு, எவர்சில்வர் வாளி, வாளியின் மூடிமேல் உட்கார்ந்திருக்கும் பல்சேட்டர், நான்கு காம்புக் குவளைகளைக் கொண்ட கிளஸ்டர், இவற்றையெல்லாம் இணைக்கும் ரப்பர் குழாய்கள் என அத்தனையும் ஒரே தள்ளுவண்டியில் அடங்கிவிடுவதால், தொழுவத்தில் தனியாகக் குழாய் பதிக்க வேண்டிய தேவை இல்லை. விற்பவர்கள் இதைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும், ஒரு மாட்டை எத்தனை நிமிடத்தில் கறந்து முடிக்கும் என்பதைத்தான் முதலில் சொல்கிறார்கள். வாங்குபவர் கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி அது. கறந்து முடித்துக் குவளையைக் கழற்றிய அடுத்த நொடியில் காம்பு எப்படி இருக்கிறது என்பதைக் கொண்டே இந்த இயந்திரத்தின் தரத்தையும், அதைப் பயன்படுத்துகிறவரின் பழக்கத்தையும் எடைபோட முடியும்.

இயந்திரம் பாலை உறிஞ்சி எடுக்கிறது என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அது பாதி உண்மைதான். ஒவ்வொரு குவளையும் இரட்டைச் சுவர் கொண்டது. வெளியே உறுதியான உலோக ஓடு, உள்ளே ரப்பராலோ சிலிக்கோனாலோ ஆன நெகிழும் லைனர். லைனருக்குள் வேக்குவம் எப்போதும் இருந்துகொண்டே இருக்கும். ஓட்டுக்கும் லைனருக்கும் இடையில் உள்ள வெளியில் மட்டும் பல்சேட்டர் ஒரு முறை வேக்குவத்தையும் மறு முறை வெளிக்காற்றையும் மாற்றி மாற்றி அனுப்புகிறது. வேக்குவம் வரும்போது லைனர் விரிந்து காம்பின் துளை திறக்கிறது, பால் வருகிறது. காற்று நுழையும்போது லைனர் காம்பின் நுனியில் அமுங்கி, உறிஞ்சலால் கீழே திரண்ட இரத்தத்தையும் திசுநீரையும் மேலே தள்ளிவிடுகிறது. இந்த இரண்டாவது வேலை நடக்காவிட்டாலும் பால் வரும். காம்புதான் வீங்கிச் சிவந்து, நாளடைவில் நுனியில் தோல் தடித்துக் கரடுமுரடான வளையமாகக் காய்ந்துபோகும். அப்படித் தடித்த நுனி சரியாக மூடாது. மடிநோய்க் கிருமிகள் உள்ளே போவதற்கு அதுவே வழியாகிவிடும்.

ஆகவே இந்த வகை இயந்திரங்களில் பம்பின் குதிரைத்திறனைக் காட்டிலும் பல்சேட்டரே முக்கியமான உறுப்பு. மலிவான சில மாதிரிகளில் தனிப் பல்சேட்டரே கிடையாது. பிஸ்டன் முன்னும் பின்னும் போய்வருவதையே துடிப்பாக, அதாவது லைனர் ஒரு முறை விரிந்து அமுங்கும் சுழற்சியாக, கணக்குக் காட்டுகிறார்கள். ஒன்றிரண்டு மாடுகளுக்கு அவசரத்துக்கு உதவலாம் என்பதைத் தாண்டி அவற்றைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. பசு மாட்டுக்கு நிமிடத்திற்கு ஏறத்தாழ 60 துடிப்புகள், அதிலும் 60க்கு 40 என்ற விகிதத்தில் கறத்தலும் ஓய்வும், என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அமைப்பு. கறவை இயந்திரங்களுக்கான ஐ.எஸ்.ஓ. 5707 தரநிலை, லைனர் முழுதாக மூடியிருக்கும் கட்டம் ஒரு சுழற்சியில் 150 மில்லி விநாடிக்குக் குறையக் கூடாது என்று வரையறுக்கிறது. இதை அளக்கத் தனிக் கருவி வேண்டும். ஆனால் கட்டைவிரலே ஓரளவு சொல்லிவிடும். பம்பை ஓட்டிவிட்டு, மற்ற மூன்று குவளைகளையும் மடக்கி அடைத்துக்கொண்டு, நான்காவதில் கட்டைவிரலை விட்டுப் பாருங்கள். லைனர் விரலை நன்றாக அமுக்கி விடுவதும், பிறகு முற்றிலும் தளர்வதும் தெளிவாகத் தெரிய வேண்டும். அமுக்கம் மெலிதாக, ஒரு நடுக்கம்போல மட்டும் தெரிந்தால் அந்த இயந்திரத்தை எவ்வளவு தள்ளுபடியில் தந்தாலும் வாங்காதீர்கள். நான்கு குவளைகளிலும் இதைச் செய்து பார்க்க ஒரு நிமிடம் போதும். விற்பனை இடத்தில் இதைச் செய்ய விடாமல் பேச்சை மாற்றுகிறார்கள் என்றால் அதுவும் ஒரு தகவல்தான்.

அடுத்தது வேக்குவத்தின் அளவு. வாளி இயந்திரங்களில் 42 முதல் 46 கிலோபாஸ்கல் வரை வைத்தால் பெரும்பாலான பசுக்களுக்குப் போதும். பால் மிக வேகமாக ஓடும் நேரத்தில் லைனருக்குள் சராசரியாக 32 முதல் 42 கிலோபாஸ்கல் வரை இருக்க வேண்டும் என்பதுதான் இதற்குப் பின்னே உள்ள கணக்கு. ஓடும் பால் குழாயை அடைத்துக்கொள்வதால் பம்பில் இருக்கும் அளவு காம்பு வரை அப்படியே வந்து சேராது. என் கைக்கு வந்த இயந்திரம் 50க்கும் மேலே வைத்து அனுப்பப்பட்டிருந்தது. வேகமாகக் கறக்கிறது என்று வாங்குபவர் மகிழ்ந்துபோக வேண்டும் என்பதே இதன் நோக்கம் என்று நினைக்கிறேன். மானியில் எந்த அலகு இருக்கிறது என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள்: 50 கிலோபாஸ்கல் என்பது பாதரச அளவில் ஏறத்தாழ 375 மில்லிமீட்டர், அல்லது 15 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. மூன்று அலகுகளிலும் மானிகள் வருகின்றன. வழிகாட்டிப் புத்தகம் ஓர் அலகில் பேச, மானி வேறோர் அலகில் காட்டுவதும் உண்டு.

வேக்குவத்தைக் கட்டுக்குள் வைப்பது ரெகுலேட்டர். ஒரு குவளையைத் திறந்துவிட்டு உடனே அடைத்தால், மானியின் முள் இறங்கி, சில விநாடிகளில் பழைய இடத்துக்கே வந்து நிற்க வேண்டும். தடுமாறிக்கொண்டே இருந்தால் ஒன்று ரெகுலேட்டரில் தூசி அடைத்திருக்கிறது, அல்லது பம்பின் கொள்ளளவு போதவில்லை. வைக்கோலும் உலர்தீவனமும் புழங்கும் தொழுவத்தில் ரெகுலேட்டரின் வடிகட்டி, பல்சேட்டரின் காற்றுத்துளை இரண்டுமே சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். இதைத் துடைக்க வேண்டும் என்று வழிகாட்டிப் புத்தகத்தில் ஒரு வரி இருக்கும். எத்தனை நாளைக்கொரு முறை என்பது மட்டும் இருக்காது. வாரம் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. பல்சேட்டரைத் தண்ணீரில் போட்டுக் கழுவிவிடாதீர்கள். உலர்ந்த தூரிகையும் துணியும் போதும்.

பம்பில் எண்ணெய் வகை, உலர் வகை என இரண்டு உண்டு. எண்ணெய் வகை சத்தம் குறைவாகவும் நீண்ட நாளும் ஓடும். ஆனால் எண்ணெய் மட்டத்தை மறக்காமல் பார்க்க வேண்டும், வெளிப்போக்கில் எண்ணெய்ப் புகை படியும். கிராஃபைட் தகடு கொண்ட உலர் வகைக்கு அந்தத் தொந்தரவு இல்லை. தகடு தேய்ந்ததும் மாற்றியாக வேண்டும், சத்தமும் சற்று அதிகம். இரண்டுமே மோசமில்லை. உங்கள் பகுதியில் எதற்கு உதிரிப்பாகம் கிடைக்கிறதோ அதை எடுங்கள்.

இனி, உண்மையான வேலைக்கு வருவோம். குவளையைக் காம்பில் மாட்டுவதற்கு முந்தைய இரண்டு நிமிடத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே இயந்திரம் நல்லதாகவோ கெட்டதாகவோ தெரியும். மாட்டின் மடியில் உள்ள பாலில் ஐந்தில் ஒரு பங்கு அளவே கீழே உள்ள அறையில் தயாராக நிற்கிறது; மீதி, சுரப்பிகளுக்குள் இருக்கிறது. மடியைத் தொட்டு, துடைத்து, முன்பாலைப் பீய்ச்சும்போது ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் சுரந்து, ஒரு நிமிடம் முதல் ஒன்றரை நிமிடத்துக்குள் அந்தப் பால் கீழே இறங்குகிறது. அதன் வேகம் சில நிமிடங்களே நிற்கும். தொட்டவுடனே குவளையை மாட்டிவிட்டால், அறையில் நின்ற பால் போனதும் ஓட்டம் நின்று, வெறும் காம்பில் வேக்குவம் இழுக்கும். பிறகுதான் இரண்டாவது முறையாகப் பால் வரும். கிளஸ்டரின் நடுவில் உள்ள கிண்ணம் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்கால் ஆனதாக இருந்தால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: முதலில் ஒரு வேகம், நடுவில் நுரை மட்டும், பிறகு மறுபடியும் கனத்த ஓட்டம். நன்றாகச் சுரப்பு விட்ட மாட்டில் இந்த இடைவெளியே இராது. எவர்சில்வர் கிண்ணம் உறுதியானது என்று விற்பார்கள். உள்ளே நடப்பது தெரிகிற கிண்ணத்தையே நான் தேர்ந்தெடுப்பேன்.

முன்பாலை ஒவ்வொரு காம்பிலும் மூன்று நான்கு முறை கருநிற வடிகட்டி போட்ட குவளையில் பீய்ச்சிப் பார்ப்பதை இயந்திரம் வந்த பிறகு பலர் கைவிட்டுவிடுகிறார்கள். கையால் கறக்கும்போது திரிதிரியாக வரும் பால் தானாகவே கண்ணில் பட்டுவிடும். இயந்திரத்தில் அது வாளிக்குள் போய்க் கலந்துவிடும். ஆகையால் இந்தப் பழக்கம் முன்பைவிட இப்போதுதான் அதிகம் தேவைப்படுகிறது. காம்பைக் கிருமிநாசினியில் முக்கி, அரை நிமிடம் விட்டு, மாட்டுக்கொரு துணியோ காகிதமோ கொண்டு முழுக்க உலரத் துடைத்த பிறகே மாட்ட வேண்டும். ஈரக் காம்பில் லைனர் மேலே நழுவி ஏறும், பக்கவாட்டில் காற்று புகுந்து கீச்சென்ற சத்தம் வரும். அந்தச் சத்தத்தை அலட்சியம் செய்யாதீர்கள். ஒரு குவளையில் திடீரென்று காற்று புகும்போது, கிண்ணத்தில் உள்ள பால்துளிகள் எதிர்த்திசையில் வீசப்பட்டு மற்றக் காம்புகளின் நுனியில் மோதுகின்றன. ஒரு காம்பில் உள்ள கிருமி அடுத்ததற்குப் போவது இப்படித்தான். குழாய் முறுக்கிக்கொண்டு கிளஸ்டர் ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கினாலும் இதே கதைதான். நான் பார்த்த மாதிரிகளில் குழாயைத் தாங்கும் கொக்கி எதிலுமே சேர்த்துத் தரப்படவில்லை. தள்ளுவண்டியின் பக்கத்தில் வளைத்த கம்பி ஒன்றைப் பொருத்தினால் முடிகிற காரியம், ஏன் செய்வதில்லை என்பது விளங்கவில்லை.

ஓட்டம் குறைந்து கிண்ணத்தில் நூலாக இழைந்ததும் நிறுத்திவிட வேண்டும். கடைசிச் சொட்டு வரை எடுக்க வேண்டும் என்ற கைக்கறவைப் பழக்கம் இங்கே தீங்கு செய்யும். கிளஸ்டரைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை உறிஞ்ச வைப்பவர்கள், அந்தச் சிறு அளவுப் பாலுக்காகக் காம்பின் நுனியைக் கெடுத்துக்கொள்கிறார்கள். நிறுத்தும்போது முதலில் வேக்குவத்தை மூடி, இரண்டு மூன்று விநாடி பொறுத்தால் குவளைகள் தாமாகவே தளர்ந்து கைக்குள் விழும். இழுத்துப் பிடுங்கக் கூடாது. இப்போது காம்பைப் பாருங்கள். இயல்பான நிறத்தில், தொட்டால் மென்மையாக இருக்க வேண்டும். நீலம் பாரித்திருந்தாலோ, அடிப்பகுதியில் தடித்த வளையம் பதிந்திருந்தாலோ, நுனி ஆப்புபோலத் தட்டையாகியிருந்தாலோ வேக்குவமும் துடிப்பும் லைனரின் அளவும் மூன்றுமே சந்தேகத்துக்குரியவை. நான் வேக்குவத்தை 44க்குக் கொண்டுவந்த பிறகு, கழற்றும்போது கால் தூக்கிக்கொண்டிருந்த மாடு அமைதியாக நிற்கத் தொடங்கியது. ஒரு மாட்டுக்கு ஆகும் நேரம் சற்றுக் கூடியது. அதில் எனக்கு வருத்தமில்லை. கறந்து முடித்ததும் காம்பை அயோடின் கரைசலில் முக்கிவிட்டு, தீவனம் போட்டு அரை மணி நேரமாவது மாட்டை நிற்க வைப்பது கைக்கறவைக்கும் இயந்திரக் கறவைக்கும் பொதுவான விதி.

இதுவரை மேய்ச்சலையும் மனிதக் கையையும் மட்டுமே அறிந்த மாட்டுக்கு மோட்டார் சத்தம் பெரிய விஷயம். பயந்த மாட்டுக்கு அட்ரினலின் சுரந்து பால் இறங்காது. சில நாள் இயந்திரத்தைப் பக்கத்தில் சும்மா ஓடவிட்டு, கையாலேயே கறந்து பழக்குவதுதான் வழி. தலைச்சன் கன்று ஈன்ற கிடேரிகள் இதற்கு விரைவில் பழகிவிடும். கன்று விட்டே கறந்து பழகிய வயதான மாடு எளிதில் மசியாது. அத்தகைய மாட்டுக்காக இயந்திரத்தைக் குறைசொல்வது நியாயமில்லை, ஆனால் வாங்கும் முன் உங்கள் மாடுகளில் எத்தனை அப்படிப்பட்டவை என்று எண்ணிப் பார்ப்பது நல்லது.

விளம்பரங்களில் ஒருபோதும் வராத பகுதி கழுவுதல். இந்த இயந்திரத்தின் உண்மையான கூலி அதுதான். கறவை முடிந்த உடனேயே, பால் காய்வதற்குள், 40 டிகிரி செல்சியஸ் அளவுள்ள வெதுவெதுப்பான நீரைக் குவளைகள் வழியே வாளிக்குள் உறிஞ்ச வைத்து அலச வேண்டும். எடுத்த எடுப்பிலேயே கொதிநீரை ஊற்றினால் பாலின் புரதம் குழாயின் உட்சுவரில் வெந்து ஒட்டிக்கொள்ளும். குளிர்ந்த நீரை ஊற்றினால் கொழுப்பு உறைந்துவிடும். அலசிய பிறகு, 70 டிகிரி அளவில் சூடான காரக் கரைசலை அதே முறையில் ஓட்டி, அது 40 டிகிரிக்குக் கீழே ஆறுவதற்குள் வெளியேற்றிவிட வேண்டும். ஆறிப்போன கரைசல் எடுத்த அழுக்கைத் திரும்பவும் படிய விட்டுவிடும். கரைசலை உறிஞ்சும்போது கிளஸ்டரை அவ்வப்போது தண்ணீருக்கு மேலே தூக்கிக் காற்றையும் சேர்த்து இழுக்கவிட்டால், நீரும் காற்றும் கலந்து குழாய்க்குள் அடித்துக்கொண்டு போகும்; வெறும் நீர் வழிந்தோடுவதைவிட அது பல மடங்கு நன்றாகச் சுத்தம் செய்கிறது. வாரம் ஒரு முறையோ, நீர் கடினமாக இருந்தால் அடிக்கடியோ, உட்சுவரில் பாலின் தாதுக்கள் படிந்து இறுகிய பால்கல்லை அமிலக் கரைசலால் நீக்க வேண்டும். அமிலத்தையும் குளோரின் கலந்த காரத்தையும் எக்காரணம் கொண்டும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள்; நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிப்படும். கழுவி முடித்த லைனருக்குள் மூக்கை வைத்துப் பாருங்கள். ரப்பர் வாசனை மட்டும் வந்தால் சரி. புளித்த வாடையோ, விரலில் பிசுபிசுப்போ இருந்தால் அடுத்த வேளைப் பால் கெட்டுப்போவதற்கு அங்கேயே வித்து விழுந்துவிட்டது.

இந்த வேலை மாடு ஒன்றானாலும் பத்தானாலும் ஏறத்தாழ ஒரே அளவுதான். அதனால் இரண்டு மாடு வைத்திருப்பவர், கையால் கறக்கத் தெம்பு இருக்கும் வரை, இதை வாங்கிப் பெரிதாக எதையும் மிச்சப்படுத்தப் போவதில்லை. நான்கைந்தைத் தாண்டும்போது கணக்கு மாறுகிறது. மிச்சமாவது நேரத்தைவிடக் கை: விரல் மூட்டிலும் மணிக்கட்டிலும் வலி கண்டவர்களுக்கு, ஒரு மாட்டில் இயந்திரம் ஓடும்போதே அடுத்த மாட்டின் மடியைத் துடைத்துத் தயார் செய்ய முடிவது பெரிய ஆறுதல். கறக்க ஆள் தேடி அலைபவர்களுக்கும் அப்படியே.

லைனரின் ஆயுளைப் பற்றித் தெளிவாகச் சொல்லும் விற்பனையாளரை நான் இன்னும் சந்திக்கவில்லை. சாதாரண ரப்பர் லைனர் சுமார் 2,500 கறவைகளுக்குத்தான் தாங்கும். அதற்குமேல் நெகிழ்வு குறைந்து, உட்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விழுந்து, கிருமிகள் குடியேறும். ஒரே கிளஸ்டரால் ஐந்து மாடுகளை இரண்டு வேளை கறந்தால் நாளொன்றுக்குப் பத்துக் கறவை. 250 நாளில் கணக்கு முடிந்துவிடும். மாடுகள் குறைவாக இருந்து அந்த எண்ணை எட்டாவிட்டாலும், வெந்நீரும் காரமும் பட்டுப் பட்டு ரப்பர் முதுமையடைவதால் ஆறு மாதத்துக்கொரு முறை மாற்றிவிடுவதே பாதுகாப்பு. சிலிக்கோன் லைனர் இதைவிடக் கூடுதல் காலம் வரும், ஆனால் எளிதில் கிழியும். மாற்றும்போது நான்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஓட்டின் அளவுக்கும் லைனரின் அளவுக்கும் பொருத்தம் இருக்க வேண்டும் என்பதால் வேறு நிறுவனத்தின் லைனரைத் திணிக்க முடியாது. இந்த இடத்தில்தான் என் மனக்குறை. எனக்கு விற்ற நிறுவனம், பெயர் சொல்லவில்லை, இயந்திரத்தைக் காட்டிய வேகத்தில் கால் பங்கைக்கூட லைனர் அனுப்புவதில் காட்டவில்லை. கடைசியில் வந்து சேர்ந்ததும் வேறு மாதிரிக்கு உரியது. ஆகவே இயந்திரத்தோடு சேர்த்தே இரண்டு தொகுதி லைனர், துடிப்புக் குழாய், வாளி மூடியின் கேஸ்கெட் ஆகியவற்றை வாங்கி வெயில் படாமல் எடுத்து வையுங்கள். நடுக் கிண்ணத்தில் ஊசிமுனை அளவில் ஒரு காற்றுத்துளை இருக்கும். அது அடைத்தால் பால் கிண்ணத்தில் தேங்கிக் காம்பை நனைக்கும். மெல்லிய கம்பியால் குத்தி எடுங்கள், ஆனால் துளையைப் பெரிதாக்கிவிடாதீர்கள்.

இயந்திரம் வந்தபின் மடிநோய் வந்தது என்று சொல்பவர்கள் பலர். அது முழுப் பொய்யுமல்ல, முழு உண்மையுமல்ல. வெளியே தெரியாத மடிநோய் முன்பே ஒரு மாட்டில் இருந்திருந்தால், ஒரே லைனர் அதை வரிசையில் நிற்கும் எல்லா மாடுகளுக்கும் கொண்டு சேர்க்கும். 1957ஆம் ஆண்டில் ஷால்ம், நூர்லாண்டர் ஆகியோர் அறிமுகப்படுத்திய கலிஃபோர்னியா மடிநோய்ப் பரிசோதனை இன்றைக்கும் தொழுவத்திலேயே செய்யக்கூடிய எளிய வழி: நான்கு குழிகள் கொண்ட தட்டில் காம்புக்கொரு குழியாகப் பாலை எடுத்து, சம அளவு கரைசலைச் சேர்த்துச் சுழற்றினால், உடற்செல்கள் (மடிநோயின்போது பாலில் பெருகும் வெள்ளணுக்கள்) அதிகமுள்ள பால் கூழாகத் திரளும். இயந்திரத்தை ஓட்டத் தொடங்குவதற்கு முன் எல்லா மாடுகளுக்கும் இதைச் செய்துவிட்டு, திரளும் மாட்டைக் கால்நடை மருத்துவரிடம் காட்டி, குணமாகும் வரை கடைசியாகக் கறக்க வேண்டும். மருந்து கொடுக்கும் காலத்தில் அதன் பாலைத் தனி வாளியில் எடுக்க வேண்டும். அதனால் இரண்டாவது வாளி ஒன்றை உடன் வாங்கச் சொல்வேன், அது ஆடம்பரம் இல்லை.

எருமைக்கும் இதே இயந்திரம் போதுமா என்று கேட்கிறார்கள். எருமையின் மடியில் கீழறையில் நிற்கும் பால் மிகக் குறைவு, சுமார் இருபதில் ஒரு பங்குதான். பால் இறங்கவும் பசுவைவிட அதிக நேரம் எடுக்கும். விற்பவர்கள் வேக்குவத்தைக் கூட்டச் சொல்வார்கள். அதற்கு முன் மடியைத் தடவிச் சுரப்பு விட வைக்கும் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். பெரும்பாலும் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். ஆட்டுக்கு இரண்டு குவளை கொண்ட தனிக் கிளஸ்டரும், நிமிடத்திற்கு 90 அளவிலான துடிப்பும், பசுவைவிடக் குறைந்த வேக்குவமும் வேண்டும். குவளையை மட்டும் மாற்றிவிட்டு, ஆட்டுக்கும் ஆகும் என்று விற்கப்படும் இயந்திரத்தில் பல்சேட்டரின் வேகத்தை மாற்ற வழி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பசுவுக்கு மட்டுமே எடுத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் போகும் நாளுக்கு, பம்போடு இணைக்கக்கூடிய சிறு எஞ்சின் சில மாதிரிகளில் கிடைக்கிறது. அது இல்லாத வண்டியை வாங்கினால், வீட்டில் ஒருவராவது கையால் கறக்கும் பழக்கத்தை விட்டுவிடாமல் இருக்கட்டும்.